சிப்பித்துறைக்கு நடந்து வந்த கேள்விகள்

சிப்பித்துறைக்குக் கேள்விகள் ஆள் உருவில் வரத் தொடங்கியது ஒரு திங்கட்கிழமை காலையில், ஏலம் முடிந்து, மீன்காரப் பெண்கள் கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு அவற்றின்மேல் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த நேரத்தில், ஒன்பது ஐம்பது பஸ்ஸிலிருந்து கையில் பை இல்லாமல், குடை இல்லாமல், ஊருக்குப் புதுசான முகத்தோடு ஒரு ஒல்லி மனிதன் இறங்கி, தங்கபுஷ்பத்தின் டீக்கடை முன்னால் வந்து நின்று, "கிடங்குக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்டான்.

"நீங்க யாரு? புதுசா வேலைக்கு வந்திருக்கியளா?" என்றாள் தங்கபுஷ்பம்.

"இல்லம்மா. நான் ஒரு கேள்வி. ஒரு பிறப்புச் சான்றிதழ் சம்பந்தமா வந்திருக்கேன்."

"அப்படியா? நேரா போயி, மாதா சிலை வச்ச கெபியில சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க" என்று சொல்லிவிட்டு, தங்கபுஷ்பம் கொதித்துக்கொண்டிருந்த பாலை இறக்கப் போனாள்.

கிடங்கு என்று ஊர் சொன்னது ஒரு காலத்தில் உப்பு மூட்டை அடுக்கிவைத்த கட்டடத்தை. ஆறு வருஷத்துக்கு முன்னால் அதன் ஓட்டை ஓடுகளை எடுத்துவிட்டுக் கூரை மாற்றி, குளிர்சாதனம் வைத்து, சுவர் உயரத்துக்குக் கறுப்பு இயந்திரங்களை நிறுத்தினார்கள். ஐந்து மாவட்டத்து ஆஸ்பத்திரிகளின் பிறப்பும் இறப்பும், தடுப்பூசியும் காய்ச்சலும், குத்தி எடுத்த ஒவ்வொரு சொட்டு ரத்தத்தின் முடிவும் அதற்குள் போய் அடைந்தன. எங்கோ ஒரு ஆஸ்பத்திரியில் யாராவது ஒரு விவரம் கேட்டால் அந்தக் கேள்வி கம்பி வழியே இங்கே வந்து, தேடி எடுத்துக்கொண்டு திரும்பிப் போகும். டெல்ஃபினாவும் இன்னும் ஐந்து பேரும் மாடியில் உட்கார்ந்து அதைக் கண்காணித்தார்கள். உள்ளே இருக்கும் பெயர்களையும் விவரங்களையும் பார்க்க அவர்களுக்கு அனுமதி கிடையாது. எந்தக் கேள்வி எப்போது வந்தது, எவ்வளவு நேரமாக ஓடுகிறது, எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது, அதற்குப் பின்னால் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று பார்ப்பதும், நாற்பது நிமிஷத்தைத் தாண்டி ஓடுவதை நிறுத்துவதும்தான் வேலை. இத்தனை நாள் திரையில் வரிகளாக ஓடியவை அந்தத் திங்கட்கிழமை கால் முளைத்துத் தெருவில் நடந்தன, அவ்வளவுதான். மாடியில் வேலை பார்க்கும் பீர் முகம்மது ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துத் தலைகளை எண்ணினான்.

"கீழ முப்பத்தொண்ணு. திரையிலயும் முப்பத்தொண்ணு. சரியா இருக்கு சார்."

"அப்ப சரி" என்று சொல்லி, குழுவுக்குத் தலைவரான ஞானதிரவியம் சார் டிபன் டப்பாவை மூடினார்.

ஊர் பழகிக்கொள்ள ஒரு வாரம்கூட ஆகவில்லை. பங்குச் சாமியார் கோயில் பெஞ்சுகளில் பாதியைக் கிடங்கு வாசலுக்கு அனுப்பிவைத்தார், பள்ளிவாசல்காரர்கள் பந்தல் போட்டார்கள், நகராட்சி ஒரு குழாய் வைத்தது, அதில் நகராட்சிக்கே ஆச்சரியமாகத் தண்ணீரும் வந்தது. ஆளைப் பார்த்ததுமே இன்ன கேள்வி என்று சொல்ல ஆட்டோக்காரர்கள் கற்றுக்கொண்டார்கள்: ஒரே ஒரு எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு ஓட்டமாய் வந்து ஓட்டமாய்ப் போகும் சின்னப் பிள்ளைகள் ஒரு குழந்தையைப் பற்றி மட்டும் கேட்க வந்தவை, மூச்சு வாங்க, நாலு பெட்டியை ஆட்டோவில் ஏற்றி, ஐந்தாவதை மடியில் வைத்துக்கொண்டு வருபவை ஆண்டறிக்கைகள், தேவை ஒரு ஊசி என்றாலும் "வீட்டில் இருக்கிற எல்லாத்தையும் எடுத்துக் காட்டு, நான் பாத்து எடுத்துக்கிடுதேன்" என்று நிற்பவை சோம்பேறிகள் எழுதி அனுப்பியவை, மாசக் கடைசியிலோ மாப்பிள்ளை வீட்டார் மாதிரி நாற்பது ஐம்பது பேர் மொத்தமாய் வந்து இறங்கி, உள்ளே இடம் பத்தாமல் தங்கள் சாமான்களைத் தெருவில் பரப்பி வைத்துக்கொள்வார்கள், அதைத் தாண்டித் தாண்டித்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகவேண்டியிருக்கும். ஒருநாள் இரண்டு கேள்விகள் டீக்கடையில் எதிரெதிரே உட்கார்ந்தபடியே விறைத்துப் போயின. ஒன்றின் கையில் டம்ளர், மற்றதின் கையில் டீயை ஊற்றி ஆற்றும் வட்டா. டம்ளர் கிடைத்தால்தான் வட்டாவை விடுவேன் என்று இது, வட்டா கிடைத்தால்தான் டம்ளரை விடுவேன் என்று அது. அரை மணி நேரம் இரண்டும் கண் சிமிட்டாமல் இருக்க, தங்கபுஷ்பம் மாடியைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏட்டி டெல்ஃபினா! இந்த ரெண்டு பேரையும் என்னன்னு பாரு. டீ ஆறிப் பாலாடை கட்டிட்டு!"

டெல்ஃபினா எட்டிப் பார்த்து, "பின்னால வந்தத கொன்னுருதேன் மயினி, முன்னால வந்தது தானா எந்திரிச்சுப் போயிரும்" என்றாள்.

கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பி மாடியைப் பார்த்தார்கள். மாடியில் அது தினமும் புழங்குகிற வார்த்தை. மூன்றாவதைக் கொல்லு, அந்தப் பெரியதைக் கொன்றுவிட்டுச் சாப்பிடப் போ என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை சொல்லிக்கொண்டிருப்பார்கள், யாருக்கும் உறுத்தியதில்லை. தங்கபுஷ்பம் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"கான்வென்ட்ல படிச்ச பிள்ளை பேசுத பேச்சா இது? பச்சப்பிள்ளைக்கு பால் குடுக்கவ நீ."

அன்றைக்கே ஞானதிரவியம் சார் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். இனி யாரையும் கொல்வது இல்லை, வழியனுப்புவது. திரையில் பொத்தானை அமுக்கினால் மட்டும் போதாது; கீழே இறங்கிப் போய், கையைப் பிடித்து, பஸ் நிறுத்தம் வரை கொண்டு விடவேண்டும். வேலை கூடினாலும் பலன் இருந்தது. வழியனுப்பப்பட்ட கேள்விகள் போகிற வழியில் தங்களை எழுதி அனுப்பியவரைப் பற்றிக் குறை சொல்லும். அதைக் கேட்டுக் கேட்டு எந்த ஆஸ்பத்திரியில் யார் மோசமாக எழுதுகிறார் என்று மாடிக்குத் தெரிந்துபோனது.

இப்படி ஒரு மாதம் ஓடியது. டெல்ஃபினாவின் பயம் தொடங்கியது அதற்குப் பிறகு.

அவள் மகள் இவாஞ்சலினுக்கு மூன்றரை மாதம் முடிந்திருந்தது. ஒப்பந்த வேலை என்பதால் தொண்ணூறாம் நாளே டெல்ஃபினா வேலைக்குத் திரும்பிவிட்டாள். கணவன் கிங்ஸ்டன் கப்பலில், ஞாயிற்றுக்கிழமை மட்டும் போனில் கிடைப்பான். பக்கத்து வீட்டு சகாயமேரி அக்காதான் பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டாள். தடுப்பூசிக்குப் போன இடத்தில் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள், எடுத்த ஒன்பதாம் நாள் டாக்டரம்மா கூப்பிட்டனுப்பினார்.

"தைராய்டு அளவு எல்லைக்கோட்டுல நிக்குதும்மா. ரெண்டாவது தடவை ரத்தம் எடுப்போம். ஒண்ணுமில்லாமலும் இருக்கலாம். ரெண்டாவதும் இப்படியே வந்தா அன்னைக்கே மருந்து ஆரம்பிச்சிரணும்."

"ஆரம்பிக்கலைன்னா டாக்டர்?"

"ஆரம்பிச்சிருவோம்" என்றார் டாக்டரம்மா, அவள் முகத்தைப் பார்க்காமல். இரண்டாவது ரத்தத்தையும் அன்றைக்கே குத்தி எடுத்து அனுப்பினார்கள்.

ஆரம்பிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை டெல்ஃபினா அன்று ராத்திரியே போனில் தேடிப் படித்துவிட்டாள். பிள்ளையின் மூளை வளர்வது பற்றி அதில் எழுதியிருந்ததை ஒரு தரம்தான் படித்தாள், அதற்குப் பிறகு கண்ணை மூடினாலும் அந்த எழுத்து தெரிந்தது. பிள்ளை தூங்கினால் ஏன் இவ்வளவு தூங்குகிறாள் என்று பயம். அழுதால் ஏன் குரல் இப்படிக் கம்மியிருக்கிறது என்று பயம். மாதாவிடம் கேட்டாள், அந்தோணியாரிடம் கேட்டாள், சகாயமேரி அக்காவிடம் ஒரு நாளைக்குப் பதினாறு தரம் கேட்டாள். "நல்லாத்தான் இருக்கா பிள்ளை, உனக்குத்தான் கிறுக்குப் பிடிக்கப் போவுது" என்றாள் அக்கா.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், பால் கட்டி நெஞ்சு கனக்க, அவள் ஒரு காரியம் செய்தாள். பெயர்கள் தெரியாமல் வெறும் எண்ணிக்கையை மட்டும் கேட்கக்கூடிய சோதனைக் கணக்கு ஒன்று மாடியில் இருந்தது. அதைத் திறந்து தானே ஒரு கேள்வி எழுதினாள்: முதல் ரத்தம் எல்லைக்கோட்டில் நின்ற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இரண்டாவது ரத்தம் சுத்தமாக வந்தது? மூன்று லட்சம் பிள்ளைகளின் முதல் ரத்தம் ஒரு பட்டியலில் இருந்தது, இரண்டாவது ரத்தம் இன்னொரு பட்டியலில். இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னாள். நாற்பது நிமிஷத்தில் யாராவது வழியனுப்பிவிடக்கூடாதே என்று, கொள்ளைநோய்க் காலத்துக்காக ஒதுக்கிவைத்த அவசர வரிசையில் அதைச் சேர்த்தாள். அந்த வரிசையில் இருப்பதை எழுதியவரையும் ஞானதிரவியம் சாரையும் தவிர வேறு யாரும் தொட முடியாது. சார் மச்சினன் வீட்டுக் கல்யாணத்துக்காக மதுரை போயிருந்தார்.

இரண்டு மணி பஸ்ஸிலிருந்து அவளுடைய கேள்வி இறங்கியது.

டெல்ஃபினாவைவிட ஒரு சாண் உயரமாக, ஆனால் அவளுடைய அதே முகத்தோடு, அதே நெற்றித் தழும்போடு, இடுப்பில் துணிச் சுருள் ஒன்றைப் பிள்ளை மாதிரி ஏந்திக்கொண்டு அது தெருவில் நடந்து வந்தபோது தங்கபுஷ்பம் ஆற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே நிறுத்தினாள். மற்ற கேள்விகளைப் போல அது பெஞ்சில் உட்காரவில்லை. கிடங்குக்குள் நுழைந்து வெளியே வந்து, வீடு வீடாகப் போகத் தொடங்கியது.

முதல் நாள் ஊரே அதைத் தாங்கிக்கொண்டது. உட்காரப் பலகை போட்டார்கள், மோர் கொடுத்தார்கள். "உன் பிள்ளைக்கு உடம்புக்கு வந்தப்ப முதல்ல என்ன சொன்னாங்க?" என்று அது கேட்டதும், பெற்றவர்கள் யோசித்து யோசித்துச் சொன்னார்கள். மஞ்சள் காமாலைக் கதைகள் வெளியே வந்தன, இழுப்புக் கதைகள், மூன்றாம் மாதத்தில் கழுத்து நிற்காத கதைகள். தங்கபுஷ்பம் இருபத்திரண்டு வருஷமாக யாரிடமும் பேசாத தன் தலைப்பிள்ளையைப் பற்றி, எட்டு மாதத்தில் போய்விட்ட பையனைப் பற்றி, அடுப்பை அணைத்துவிட்டு அரைமணி நேரம் சொன்னாள். கேள்வி எல்லாவற்றையும் கேட்டுத் துணிச் சுருளுக்குள் வைத்துக்கொண்டது.

புதன்கிழமை அது எல்லா வீட்டுக்கும் மறுபடி போனது. வியாழக்கிழமை மறுபடி. தெருவில் நடக்க நடக்க அது பெருத்துக்கொண்டும் போனது; பந்தலை அடைத்தது, கோயில் பெஞ்சுகளை அடைத்தது, கிடங்கு வாசலில் ஒரு ஆள் நுழைய இடமில்லாமல் அடைத்தது. உப்பளத்தில் உப்பு வாருவதற்கு ஆளில்லை, எல்லோரும் வீட்டில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வந்து இறங்கிய மற்ற கேள்விகள் உள்ளே போக முடியாமல் தெருவில், பிறகு சந்தில், பிறகு கடற்கரை மணலில் உட்கார்ந்தன. மாடியில் திரையின் மேல் வரி ஒன்று மட்டும் சிவப்பாக நின்றது. அதற்குக் கீழே காத்திருப்பவை: நானூறு, எழுநூறு, ஆயிரத்து நானூறு.

அது யாருடைய கேள்வி என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், முகம் இருக்கிறதே. ஆனால் ஒருத்தரும் அவளிடம் சொல்லவில்லை. மாடியில் ஐந்து பேரும் அவள் வரும்போது திரையை மாற்றிக்கொண்டார்கள். மதுரையிலிருந்து ஞானதிரவியம் சார் போனில், "அவசர வரிசையில என்னமோ நிக்குதாமே, யாரு எழுதினது?" என்று கேட்டதற்கு பீர் முகம்மது, "ஆள் தெரியல சார், விசாரிக்கோம்" என்று சொல்லிவிட்டு, போனை வைத்துவிட்டு, அவள் பக்கம் பார்க்காமல் ஒரு கடலைமிட்டாயை அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனான். டெல்ஃபினாவும் எதையும் சொல்லவில்லை. இன்னும் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், எத்தனை பேர் என்று ஒரு எண் வந்துவிடும், பத்துக்கு ஒன்பது என்று வந்தால்கூடப் போதும், பிறகு தூங்கலாம் என்று அவள் அந்தச் சிவப்பு வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் டீக்கடையைத் தாண்டும்போது தங்கபுஷ்பம் கரண்டியோடு வெளியே வந்துவிட்டாள்.

"ஏட்டி, நானும் மூணு நாளா பல்லைக் கடிச்சிட்டு இருக்கேன். நான் கேக்கேன்னு தப்பா நெனைக்காத. அவ ஏன் இப்படி இருக்கா?"

"எப்படி மயினி?"

"எங்கிட்ட வந்து, உன் பிள்ளைக்கு முதல்ல என்ன சொன்னாங்கன்னு கேக்கா. சரி, சொன்னேன். உடனே, மரியசெல்வத்துக்க பிள்ளைக்கு பிறகு என்ன ஆச்சுன்னு என்கிட்டயே கேக்கா. எனக்கு எப்படித் தெரியும்? அடுத்து சவரியாயி பிள்ளைக்கு பிறகு என்ன ஆச்சுங்கா. அடுத்து உப்புக்காரன் பிள்ளை. அங்க மரியசெல்வம் வீட்டுக்குப் போயி என் பிள்ளைக்கு என்ன ஆச்சுன்னு கேக்காளாம். எந்தப் பிள்ளைக்க நோவு எந்தப் பிள்ளைக்க சொகம்னு ஒண்ணுமே தெரியல அவளுக்கு. ஊருல உள்ள எல்லா 'முதல்ல'யும் எல்லா 'பிறகு'வோடயும் முடிச்சுப் போட்டு முடிச்சுப் போட்டுப் பாக்கா."

டெல்ஃபினாவுக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரு வரி. முதல் பட்டியலில் இருக்கும் பிள்ளையும் இரண்டாம் பட்டியலில் இருக்கும் பிள்ளையும் ஒரே பிள்ளையாக இருக்கவேண்டும் என்ற ஒரே ஒரு வரி. பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்கு முதல் நாளே அவள்தான் அதைச் சொல்லிக்கொடுப்பாள், இந்த வரியை விட்டால் கிடங்கு திணறிப்போகும் என்று. அதை அவளே விட்டிருந்தாள். மூன்று லட்சத்துக்கு மூன்று லட்சம். ஒன்பதாயிரம் கோடி ஜோடி. இன்றைக்கு முடியாது, நாளைக்கு முடியாது, இவாஞ்சலின் பள்ளிக்கூடம் போகும் வயசு வந்தாலும் அது வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கும். முடிந்தாலும் அது கொண்டு வருகிற எண்ணுக்கு ஒரு அர்த்தமும் இருக்காது.

அவள் கிடங்கைப் பார்த்து ஓடினாள். வாசலுக்குப் பத்தடி முன்னாலேயே கூட்டம் அவளை நிறுத்தியது. மூன்று நாளாக அவள் பின்வாசல் வழியாகத்தான் மாடிக்கு ஏறியிருந்தாள். தெருவில் காத்திருந்தவர்களை இப்போதுதான் கிட்டத்தில் பார்த்தாள். பெட்டிக்காரர்களும் அறிக்கைக்காரர்களும் குறைவு. பெரும்பாலும் அந்தச் சின்னப் பிள்ளைகள், உள்ளங்கையில் ஒரே ஒரு எண் எழுதியவை, ஒவ்வொன்றும் எங்கோ ஒரு டாக்டர் ஒரு பிள்ளைக்காக அனுப்பியது. வெயிலில் நின்று நின்று உதடு வெடித்திருந்தன. சுவரோரமாக ஒல்லியாக ஒருத்தி நின்றாள், ஆறு வயசு மதிக்கலாம், வியர்வையில் எண் அழிந்துவிடாமல் கையை மூடாமல் விரித்தே வைத்திருந்தாள். டெல்ஃபினா அந்த எண்ணைப் படித்தாள். ஆஸ்பத்திரிச் சீட்டில் பார்த்துப் பார்த்து அவளுக்கு மனப்பாடமான எண். இவாஞ்சலினின் எண்.

"எப்ப வந்தே மக்கா?"

"புதன்கிழமை காலையில. டாக்டரம்மா ரெண்டாவது ரத்தம் என்னன்னு பாத்துட்டு வரச் சொன்னாங்க."

"எவ்வளவு நேர வேலை உனக்கு?"

"ரெண்டு வினாடி" என்றது அது. பிறகு, கோபமில்லாமல், "யாரோ ஒரு பெரியம்மா உள்ள அடைச்சிட்டு இருக்காங்களாம். அவங்க பிள்ளைக்கு என்னமோ பயமாம். அவங்க போனதும் நான் போயிருவேன்" என்றது.

டெல்ஃபினாவுக்கு அங்கேயே உட்கார்ந்து அழவேண்டும் போலிருந்தது, உட்கார இடமில்லை. மாடிக்கு ஏறினாள். மதுரையிலிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்த ஞானதிரவியம் சார் கல்யாணச் சந்தனம் காயாத சட்டையோடு திரைக்கு முன்னால் நின்றிருந்தார்.

"சார், அது நான் எழுதினது."

"தெரியும்மா. ஜன்னல் வழியா பாத்தேன்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் அமுக்கட்டா, நீ அமுக்குதியா?"

"நானே வழியனுப்பிருதேன் சார்."

பொத்தானை அமுக்கிவிட்டுக் கீழே வந்தபோது அது சவரியாயி வீட்டு வாசலில் நின்றிருந்தது. கிட்டத்தில் பார்த்தால் பாதம் முழுக்க உப்பு பூத்து வெடித்திருந்தது, கண்ணுக்குக் கீழே அவளுக்கு இருந்த அதே கறுப்பு. டெல்ஃபினா அதன் கையைப் பிடித்தாள்.

"வா, போவோம்."

"இன்னும் கொஞ்சம்தான்" என்றது அது. "இந்தத் தெரு முடிஞ்சா சொல்லிருவேன்."

"முடியாது. நான் தப்பா எழுதிட்டேன். உன்மேல ஒரு குத்தமும் இல்ல."

"மூணு நாளா சேத்து வச்சதெல்லாம் போயிருமே. நான் போயிட்டா பிள்ளைக்காக யாரு கேப்பா?"

"டாக்டரம்மா கேட்டாச்சு. அந்தப் பிள்ள உனக்குப் பின்னாலதான் நிக்குது."

அது திரும்பிப் பார்த்தது. ஆயிரத்து நானூறு பேரும் அதைப் பார்த்தார்கள். அதன் முகம் டெல்ஃபினாவின் முகம் சுருங்குவது போலவே சுருங்கியது. "இவ்வளவு பேரா?" என்றது. "எனக்கு யாரும் சொல்லலையே."

பாதியில் நிற்கும் எந்தக் கேள்வியும் தான் எடுத்ததையெல்லாம் எடுத்த இடத்தில் வைத்துவிட்டுத்தான் ஊரைவிட்டுப் போகவேண்டும், கிடங்கின் சட்டம் அப்படி. அதனால் அது வந்த வழியே, கடைசி வீட்டிலிருந்து முதல் வீட்டுக்கு, பின்னால் நடந்தே போனது, டெல்ஃபினா கையைப் பிடித்துக்கொண்டு கூடவே போனாள். ஒவ்வொரு வாசலிலும் துணிச் சுருளைப் பிரித்து, அந்த வீட்டார் சொன்னதை அந்த வீட்டாரிடமே எடுத்துக் கொடுத்தது. மஞ்சள் காமாலை மரியசெல்வத்திடம் திரும்பியது, இழுப்பு உப்புக்காரன் வீட்டுக்குப் போனது. ஒவ்வொரு வீடு தாண்டும்போதும் அது இளைத்தது. பந்தல் காலியானது, பெஞ்சு தெரிந்தது, காற்று வந்தது. டீக்கடையில் தங்கபுஷ்பம் தன் எட்டு மாதத்துப் பையனை இரண்டு கையாலும் வாங்கி, மார்போடு வைத்துப் பார்த்தாள்.

"குடுக்கும்போது இருந்த கனம் இல்லையே" என்றாள்.

"மூணு நாள் நான் தூக்கிட்டு இருந்தேன்லா" என்றது அது.

மூன்றரை மணி பஸ்ஸில் ஏறும்போது டெல்ஃபினாவின் தோள் உயரம்கூட அது இல்லை. கையை ஆட்டவில்லை. ஜன்னலோர இருக்கையில் சாய்ந்த உடனேயே தூங்கிப்போனது.

அவள் மாடிக்குத் திரும்பியபோது பீர் முகம்மது நாற்காலியை அவள் பக்கம் தள்ளினான். திரையில் அவளுடைய கேள்வியை, விட்டுப்போன வரியைச் சேர்த்து, சரியாக எழுதி வைத்திருந்தான்.

"பதினோரு வினாடிதான் அக்கா. ஒரு தட்டு தட்டுங்க, எத்தனை பேருன்னு வந்துரும்."

டெல்ஃபினாவின் விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது. கீழே ஆயிரத்து நானூறு என்று இருந்த எண் ஆயிரத்து இருநூறாகியிருந்தது, தொள்ளாயிரமாகிக்கொண்டிருந்தது. அந்தச் சிறுசுகள் ஒன்றன் பின் ஒன்றாக உள்ளே ஓடி வெளியே ஓடின. வாசலில் செருப்புச் சத்தம் மழை மாதிரி கேட்டது.

"அதுங்க போகட்டும்டே" என்றாள்.

போன் அடித்தபோது மணி நாலு பத்து.

"டெல்ஃபினா? டாக்டர் பேசுறேன். சிஸ்டம் மூணு நாளா படுத்துப்போச்சும்மா, இப்பதான் வந்தது. பாப்பாவோட ரெண்டாவது ரத்தம் நார்மலா இருக்கு. நல்லா நார்மல். மருந்து ஒண்ணும் வேண்டாம்."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"கேக்குதாம்மா?"

"கேக்குது டாக்டர்."

"வேற ஏதாவது கேக்கணுமா?"

வழக்கமாக டாக்டரம்மாவிடம் பன்னிரண்டு சந்தேகமாவது கேட்காமல் அவள் போனை வைத்ததில்லை. "இல்ல டாக்டர்" என்றாள். வைத்தாள். ஜாக்கெட்டு முழுக்கப் பால் கசிந்து நனைந்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. மேசையில் தலையை வைத்து, பள்ளிக்கூடத்தில் சிஸ்டர்மார் அடிக்கும்போதுகூட அழாத மாதிரி, மூக்கு ஒழுக, விக்கி விக்கி அழுதாள். ஐந்து பேரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பி, ரொம்ப அவசரமான வேலை இருப்பது போல விசைப்பலகையைத் தட்டினார்கள்.

அழுது முடித்ததும் ஞானதிரவியம் சார் விளக்க அறிக்கைத் தாளை நீட்டினார். அவசர வரிசையைத் தவறாகப் பயன்படுத்தியதற்கு எழுதிக் கொடுத்தே ஆகவேண்டும். 'காரணம்' என்ற கட்டத்தில் டெல்ஃபினா, 'பிள்ளையை நினைத்துப் பயந்துவிட்டேன்' என்று எழுதினாள். சார் படித்தார், தலையைச் சொறிந்தார்.

"இது மேல போனா அந்தக் கட்டம் இதையெல்லாம் ஏத்துக்கிடாதும்மா. 'ஒரு வரி விடுபட்டது'ன்னு போடு."

"அதுவும் உண்மைதான் சார்."

"உண்மைதான். ஒரு மாசம் உனக்கு அவசர வரிசையில கை வைக்க அனுமதி கிடையாது. இப்ப வீட்டுக்குப் போ."

அவள் போனாள். உப்பளத்தில் மறுபடி உப்பு வாரத் தொடங்கியிருந்தார்கள். வீட்டு வாசலில் சகாயமேரி அக்கா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள்.

"என்ன சொன்னாவ?"

"நல்லா இருக்கதா சொன்னாவ அக்கா. மருந்து வேண்டாமாம்."

"நான் சொல்லல?" என்று சொல்லிக்கொண்டே சகாயமேரி பிள்ளையை அவள் கையில் திணித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மதில்மேல் எக்கி அடுத்த வீட்டைப் பார்த்துக் கத்தினாள். "ஏ சவரியாயி! பிள்ளைக்கு ஒண்ணுமில்லையாம்!" சவரியாயி அடுத்த வீட்டுக்குச் சொன்னாள், அது மரியசெல்வத்துக்குப் போனது, உப்புக்காரன் வீட்டுக்குப் போனது, தெரு திரும்பி டீக்கடைக்குப் போனது. விளக்கு வைக்கும் முன்னால் சிப்பித்துறையின் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது, ஒவ்வொரு வீட்டிலும் ஒரே ஒரு தரம்தான் சொன்னார்கள், யாரும் இன்னொரு தரம் கேட்கவில்லை.